டிஸ்சார்ஜுக்குப் பிறகு யார் பொறுப்பு?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதியோரின் பராமரிப்பைப் பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கடிதங்களுள் சிலவற்றுக்கு, முதியோர் மருத்துவத்தில் அனுபவமுள்ள மருத்துவர் இந்த இதழில் விடையளிக்கிறார். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: எழுபத்தெட்டு வயதான என் தாயார் பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறார். இன்னும் மூன்று நாளில் வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம் என்கிறார்கள். மூக்குக் குழாயும் சிறுநீர்க் குழாயும் எடுக்கப்படவில்லை. அண்ணன் குவைத்தில் இருக்கிறார்; நானும் கணவரும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். என்னென்ன ஏற்பாடுகள் செய்ய வேண்டும்? – வாசகி, தக்கலை

பதில்: மூன்று நாட்களுக்கு முன்பே உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்பதே பெரிய உதவி. பல குடும்பங்களுக்கு டிஸ்சார்ஜ் என்ற செய்தி அன்று காலையில்தான் தெரியவருகிறது. அதன் பிறகு பில் கட்டவும் வண்டி பேசவும் மட்டுமே நேரம் இருக்கும். இந்த மூன்று நாட்களை நீங்கள் கட்டிலும் மெத்தையும் வாங்குவதில் செலவழிக்காமல், வார்டில் தாயாரின் படுக்கையருகே கற்றுக்கொள்வதில் செலவழிக்க வேண்டும் என்பது என் கருத்து. செவிலியர் குழாய் வழியே உணவு கொடுக்கும்போது அருகில் நின்று பார்த்தால் போதாது; "இந்த வேளை நான் கொடுக்கிறேன், நீங்கள் பார்த்துத் திருத்துங்கள்" என்று கேட்டு, உங்கள் கையாலேயே ஒவ்வொரு வேலையையும் ஒருமுறையாவது செய்து பாருங்கள். உங்கள் கணவரும் அவ்வாறே செய்ய வேண்டும், ஏனெனில் உங்களுக்கே காய்ச்சல் வரும் நாள் ஒன்று வரும்.

மூக்குக் குழாய் வழியே உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் முப்பது முதல் நாற்பத்தைந்து பாகை வரை உயர்ந்திருக்க வேண்டும்; கொடுத்து முடித்த பின்னும் குறைந்தது அரை மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். குழாய் மூக்கின் வாயிலில் எந்த அளவுக் குறியில் நிற்கிறது என்பதை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேளையும் அதைச் சரிபார்க்க வேண்டும். குழாய் நழுவிவிட்டால் நீங்களே மீண்டும் செருகக் கூடாது. வாய் வழியே உணவு எப்போது தொடங்கலாம் என்பதை விழுங்கும் திறனைச் சோதித்த பிறகே மருத்துவர் சொல்ல வேண்டும். பார்க்க வரும் உறவினர்கள் "பாவம், நாக்கு வறண்டிருக்கிறது" என்று இரக்கப்பட்டுக் கஞ்சித் தண்ணீரோ சுக்குக் காப்பியோ ஊற்றிவிடுவது நம் ஊரில் வழக்கமாக நடக்கிறது. விழுங்கும் தசைகள் பலவீனமானவருக்குக் கெட்டியான உணவுக் குழம்பைவிடத் தண்ணீர்போல் ஓடும் பானமே எளிதில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். ஆகவே இதைப் பார்க்க வருபவர்கள் அனைவரிடமும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சிறுநீர்க் குழாயைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது, அது இன்னும் தேவைதானா என்பதே. தேவை என்றால் எந்தத் தேதியில் போடப்பட்டது, எப்போது மாற்ற வேண்டும் அல்லது எடுக்க வேண்டும் என்பதை எழுதி வாங்குங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். தரையைத் தொடக் கூடாது. படுக்கைப் புண்ணுக்கு ஏர் பெட் வாங்கிவிட்டோம் என்று நிம்மதி அடைபவர்கள் உண்டு. அது உதவும், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதற்கு அது ஈடாகாது. புட்டத்துக்கு மேலுள்ள எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால் ஆகிய இடங்களை நாள்தோறும் வெளிச்சத்தில் பாருங்கள். அழுத்தினாலும் மறையாத சிவப்போ கருமையோ தெரிந்தால் அதுவே புண்ணின் தொடக்கம்.

நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பக்கவாதம் என்றவுடன் வர்ம ஆசானை (வர்மப் புள்ளிகளைத் தொட்டுத் தடவும் நாட்டு வைத்தியரை) அழைத்து வந்து தடவச் சொல்லும் வழக்கம் இங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதன் மீது உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் நான் வாதிட வரவில்லை. ஆனால் செயலிழந்த கையை இழுத்து முறுக்கினால் தோள்மூட்டு இறங்கிவிடும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்துக்கொள்பவரின் உடலில் அழுத்தித் தடவினால் உள்ளே இரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும். எந்தத் தைலமானாலும் எந்தத் தடவலானாலும், பக்கவாதத்துக்குச் சிகிச்சையளித்த மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

இனி ஏற்பாட்டுக்கு வருவோம். உங்கள் தாயாருக்கு நரம்பியல் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், வீட்டுக்கு வரும் செவிலியர், மருந்துக்கடைக்காரர், நீங்கள் என்று ஐந்து பேர் இருப்பார்கள். ஒவ்வொருவரும் தம் வேலையைச் சரியாகச் செய்தும், ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாத காரணத்தாலேயே நோயாளி மறுபடியும் மருத்துவமனைக்குத் திரும்புவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எனவே எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருப்பவர், எல்லோரிடமும் பேசுபவர் என்று ஒருவரை வெளிப்படையாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒருவர் தாயாருடன் வீட்டில் இருப்பவராக, அதாவது நீங்களாகத்தான் இருக்க வேண்டும். அண்ணன் பணம் அனுப்புவதையும், அறிக்கைகளைப் படமெடுத்துச் சேமித்து வைப்பதையும், மறுபரிசோதனைக்கு முன்பதிவு செய்வதையும் குவைத்திலிருந்தே செய்யலாம். மருந்தை நிறுத்துவதா, மருத்துவரை மாற்றுவதா என்ற முடிவுகளைத் தொலைபேசியில் அவர் தனியாக எடுக்கக் கூடாது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் மருந்துப் பட்டியல், நாள்தோறும் பார்த்த இரத்த அழுத்தம், குழாய்களின் தேதிகள், மறுபரிசோதனை நாள், இரவில் அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றை எழுதுங்கள். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு பணியாளரும் அதே நோட்டில் எழுதட்டும். டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாளே உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று தாயாரின் நிலையைச் சொல்லிப் பதிந்துவிடுங்கள். ஏன் என்பதை அடுத்த பதிலில் காணலாம்.

கேள்வி: "மக்களைத் தேடி மருத்துவம்" ஏழைகளுக்கு மட்டுமான திட்டமா? மாத்திரை கொடுப்பதைத் தவிர வேறு ஏதாவது செய்வார்களா? – வாசகர், பூதப்பாண்டி

பதில்: ஏழைகளுக்கு மட்டுமானது அன்று. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட தமிழக அரசின் இத்திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்குமான மருந்துகள் வீட்டுக்கு வருவது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய் தணிப்புச் செவிலியரும் (நோயின் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் பயிற்சி பெற்றவர்) பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருவார்கள் என்பது பலருக்குத் தெரியவில்லை. இவர்கள் ஊராட்சி ஒன்றிய அளவில் பணியாற்றுகிறார்கள். நம் மாவட்டத்தில் ஒன்பது ஒன்றியங்கள் இருக்கின்றன என்பதால், ஒரு செவிலியரின் பொறுப்பில் எத்தனை ஊர்கள் வரும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். தினமும் வருவார் என்று எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். அவர் வரும் நாளில் கேட்க வேண்டியவற்றை எழுதி வைத்திருந்து, அந்த அரை மணி நேரத்தை முழுமையாகப் பயன்படுத்துங்கள். உங்கள் பகுதியில் யாரை அணுகுவது என்று தெரியாவிட்டால் 104 என்ற எண்ணில் கேட்கலாம்.

கேள்வி: என் தகப்பனாருக்குத் திருவனந்தபுரத்தில் இதயச் சிகிச்சை நடந்தது. சர்க்கரைக்கு மார்த்தாண்டத்தில் ஒரு மருத்துவரிடம் காட்டுகிறோம். கால் வீக்கத்துக்கு இன்னொருவர் மருந்து கொடுத்திருக்கிறார். இப்போது பதினான்கு வகை மாத்திரைகள் வீட்டில் இருக்கின்றன. எல்லாவற்றையும் கொடுக்கத்தான் வேண்டுமா? – வாசகர், குழித்துறை

பதில்: எதை நிறுத்துவது என்பதைக் கடிதத்தின் வழியே என்னால் சொல்ல முடியாது, நீங்களாகவும் எதையும் நிறுத்தக் கூடாது. ஆனால் உங்கள் ஐயம் நியாயமானது. எல்லைக்கு அப்பால் பெரிய மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, இப்பால் வந்து உள்ளூர் மருத்துவரிடம் தொடரும் குடும்பங்கள் விளவங்கோடு, கல்குளம் பக்கங்களில் மிகுதி. அங்கே கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி இங்குள்ள மருத்துவரின் மேசைக்கு வராமல் அலமாரியில் இருப்பதே பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம்.

மருந்துகள் இரட்டிப்பாவது பெரும்பாலும் வேறு வேறு பெயர்களில் நடக்கிறது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றும் சேர்ந்த ஒரே கேப்ஸ்யூல் கடைகளில் கிடைக்கிறது; அதை ஒரு மருத்துவர் எழுதியிருக்க, பழைய சீட்டில் உள்ள ஆஸ்பிரினையும் தனியாகக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். மெட்பார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்த சர்க்கரை மாத்திரைக்கும் இதே கதிதான். மருத்துவமனையிலிருந்து வந்த முதியவர் முன்னைவிடக் குறைவாகச் சாப்பிடுவார், சிறுநீரகமும் சற்றுத் தளர்ந்திருக்கும். அந்த நிலையில் பழைய அளவிலேயே கிளிமெபிரைடோ இன்சுலினோ கொடுத்தால் விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடுவார். கால் வீக்கத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன், டெல்மிசார்ட்டன், ராமிபிரில் போன்றவை இரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடியவை. அத்துடன் சிறுநீரகக் கோளாறும் இருந்து, "உடம்புக்கு நல்லது" என்று நாள்தோறும் இளநீரும் மட்டிப்பழமும் கொடுத்தால் இதயத்துடிப்பே தடுமாறலாம். இளநீரைப் பற்றி இப்படி எழுதியதற்குக் குமரிக்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும், வலிக்கு வாங்கிய மாத்திரையும் கஷாயப் புட்டியும் உட்பட, ஒரே பையில் போட்டு, எல்லா மருத்துவமனைகளின் சம்மரிகளோடும் அண்மைய கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டுவது), பொட்டாசியம், சர்க்கரை அறிக்கைகளோடும் ஒரே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அது இதய மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் இருந்து, தேவைப்பட்டால் திருவனந்தபுரத்து மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசத் தயங்காத பொது மருத்துவரே போதும். அவர் கையெழுத்திட்ட ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு மற்ற சீட்டுகளை உறையிலிட்டு ஒட்டிவிடுங்கள். இதயம் பலவீனமானவர் என்பதால் தினமும் காலையில் எடை பாருங்கள்; இரண்டு மூன்று நாட்களில் இரண்டு கிலோ கூடினால் அது சதையன்று, நீர்.

கேள்வி: ஹோம் நர்ஸ் வைக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? – வாசகி, கருங்கல்

பதில்: ஹோம் நர்ஸ் என்று அனுப்பப்படுபவர்கள் அனைவரும் செவிலியர்கள் அல்லர். குளிப்பாட்டவும் உணவூட்டவும் துணை இருக்கவும் பயிற்சி பெற்ற உதவியாளரே பல வீடுகளுக்குப் போதும். ஊசி, குழாய் மாற்றுதல், புண்ணுக்குக் கட்டுப்போடுதல் ஆகியவை இருந்தால் செவிலியர் கவுன்சிலில் பதிவு பெற்றவர்தான் வேண்டும், பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்க்கலாம். என்னென்ன வேலைகள், எத்தனை மணி நேரம், வாரத்தில் எந்த நாள் விடுப்பு, அவர் வராத நாளில் யார் வருவார் என்பதை ஏஜென்சியிடம் எழுத்தில் வாங்குங்கள். வருபவர் தூங்குவதற்குத் தனி இடமும் வேளாவேளைக்கு உணவும் கொடுங்கள். இரவு முழுவதும் விழித்திருந்தவரைப் பகலில் மீன் கழுவச் சொல்லும் வீடுகளில் யாரும் நிலைப்பதில்லை.

கேள்வி: குளச்சலுக்கு அருகே உள்ள எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் இளைஞர்களுமாகச் சேர்ந்து, மருத்துவமனையிலிருந்து திரும்பும் முதியோருக்காக ஒருங்கிணைந்த வீட்டுப் பராமரிப்பைத் தொடங்க விரும்புகிறோம். முதலில் ஆம்புலன்ஸ் வாங்குவதா, மருத்துவ உபகரணங்கள் வாங்குவதா என்று விவாதம் நடக்கிறது. தங்கள் ஆலோசனை என்ன? – வாசகர்கள், குளச்சல்

பதில்: இரண்டும் வேண்டாம். ஆம்புலன்ஸுக்கு 108 இருக்கிறது. கட்டிலும் வீல் சேரும் ஒரு வீட்டில் தேவை முடிந்ததும் இன்னொரு வீட்டுக்குத் தந்துவிடும்படி கேட்டாலே பாதி ஊருக்குப் போதும். நன்கொடையாளர்களுக்குப் பெயர் எழுதி நிறுத்த ஒரு வண்டி பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் ஊரில் இல்லாதது வண்டியன்று. இன்று எந்த வீட்டுக்கு யார் திரும்பியிருக்கிறார், அவருக்கு மருந்து புரிந்ததா, பிசியோதெரபிஸ்ட் வந்தாரா, மறுபரிசோதனை எப்போது என்பதைத் தெரிந்து வைத்திருக்கும் ஆள்தான் இல்லை. முதல் பணத்தை அந்த ஆளுக்குச் செலவிடுங்கள்.

இதற்கு ஆய்வுகளின் துணையும் இருக்கிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செவிலியப் பேராசிரியர் மேரி நெய்லரின் குழு, 65 வயதைக் கடந்த 363 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வை 1999இல் வெளியிட்டது. மருத்துவமனையில் இருக்கும்போதே சந்தித்து, வீட்டுக்கும் வந்து தொடர்ந்து கவனித்த செவிலியர் கிடைத்தவர்களில் 24 வாரங்களுக்குள் மீண்டும் சேர்க்கப்பட்டவர்கள் 20.3 சதவீதம், வழக்கமான முறையில் அனுப்பப்பட்டவர்களில் 37.1 சதவீதம். அதே நாட்டின் கொலராடோ மாநிலத்தில் மருத்துவர் எரிக் கோல்மன் நடத்தி 2006இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு உங்களுக்கு இன்னும் பொருத்தமானது. அதில் வந்த பயிற்றுநர், நோயாளிக்கு வேண்டியதைத் தாமே செய்து கொடுக்காமல், மருந்துகளை நிர்வகிக்கவும், தம் நோய்க் குறிப்பேட்டை வைத்திருக்கவும், மருத்துவரிடம் உரிய நாளில் செல்லவும், ஆபத்தின் அறிகுறிகளை அறியவும் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் கற்றுக்கொடுத்தார். 30 நாட்களுக்குள் மறுபடியும் சேர்க்கப்பட்டவர்கள் 11.9 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாகக் குறைந்தனர். அந்த எண்கள் அப்படியே குளச்சலில் வரும் என்று எண்ண வேண்டாம். அங்குள்ள மருத்துவ அமைப்பு வேறு. எடுத்துக்கொள்ள வேண்டியது வேலையின் முறையை.

ஊர் மக்கள் இதை நடத்த முடியுமா என்ற ஐயம் இருந்தால் பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோட்டில் ஒரு சிறிய வலி தணிப்பு மருத்துவமனையாகத் தொடங்கியது, ஊர்த் தன்னார்வலர்களின் வழியாக மாநிலம் முழுவதும் பரவி, 2008இல் கேரள அரசின் நோய் தணிப்புக் கொள்கையாகியது. இன்று அங்கே உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் செவிலியர்கள் வீடு வீடாகச் செல்கிறார்கள்.

தொடங்கும் முறையைச் சொல்கிறேன். வளைகுடாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய செவிலியர்கள் குமரியில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரைப் பகுதி நேர ஊதியத்தில் ஒருங்கிணைப்பாளராக அமர்த்துங்கள். ஊதியம் கொடுத்தே அமர்த்த வேண்டும். நன்றியை மட்டும் நம்பி இந்தப் பொறுப்பை ஒருவர் மீது வைத்தால் ஓராண்டில் அது சரிந்துவிடும். அவர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரையும், மக்களைத் தேடி மருத்துவத்தின் செவிலியரையும், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நீங்கள் அதிகம் செல்லும் தனியார் மருத்துவமனைகளிலும் வார்டு பொறுப்பாளர்களையும் நேரில் சந்தித்து, உங்கள் ஊர் முதியவர் ஒருவர் வீடு திரும்பும்போது, குடும்பத்தார் சம்மதித்தால், ஒரு தொலைபேசி அழைப்புக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்ள வேண்டும். வீடு திரும்பிய நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அவர் குடும்பத்தை அழைக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் வீட்டுக்குச் செல்ல வேண்டும். ஒரு மாதம் வரை வாரம் ஒருமுறையாவது விசாரிக்க வேண்டும். தன்னார்வலர்கள் பரிசோதனைக்குத் துணை செல்லலாம், மருந்து வாங்கி வரலாம், பராமரிப்பவர் இரண்டு மணி நேரம் வெளியே போய்வர மாற்றாக அமரலாம். கடலுக்குப் போன ஆண்கள் நாட்கணக்கில் திரும்பாத உங்கள் ஊர்களில், இந்த மாற்றுத்துணை மருந்தைவிட அரிதான உதவி. ஊசி போடுவதும் மருந்தின் அளவை மாற்றுவதும் தன்னார்வலர் வேலையன்று. இதை முதல் கூட்டத்திலேயே எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

ஒரு தெருவிலோ ஒரு வார்டிலோ மட்டும் தொடங்கி, ஆறு மாதம் நடத்திப் பார்த்து, யார் யார் மீண்டும் மருத்துவமனைக்குச் சென்றார்கள், அது தவிர்த்திருக்கக்கூடியதா என்று மருத்துவரோடு உட்கார்ந்து பரிசீலியுங்கள். தேவாலயம், பள்ளிவாசல், கோயில் என்று எந்த அமைப்பின் இடத்தைப் பயன்படுத்தினாலும் பதிவேடு ஊருக்குப் பொதுவாக இருக்கட்டும். மேலும், படுத்திருக்கும் முதியவரோடு படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கம் எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

கேள்வி: இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்து என் மாமனாரை வீட்டுக்கு அழைத்து வந்து நான்கு நாட்கள் ஆகின்றன. பகலில் தூங்கிவழிகிறார், இரவில் பிதற்றுகிறார், என்னையே யாரென்று கேட்கிறார். வயதானால் இப்படித்தான் என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். – வாசகி, குலசேகரம்

பதில்: வயதின் காரணமாக நான்கு நாட்களில் ஒருவர் இப்படி மாறுவதில்லை. இது திடீர் மனக்குழப்பம். உடலில் வேறு ஏதோ நடக்கிறது என்பதற்கான அறிகுறி. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீர்ச்சத்துக் குறைவு, இரத்தத்தில் சோடியம் அல்லது சர்க்கரை தாழ்தல், மலச்சிக்கல், சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல், புதிதாகக் கொடுத்த வலி மாத்திரை அல்லது தூக்க மாத்திரை ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ காரணமாக இருக்கலாம். அவர் முன்பு கண்ணாடியோ காது கேட்கும் கருவியோ பயன்படுத்தியிருந்தால் அவற்றை உடனே மாட்டிவிடுங்கள்; பகலில் சன்னலைத் திறந்து வையுங்கள்; கட்டிப் போடாதீர்கள்; தூக்க மாத்திரையை நீங்களாகக் கூட்டாதீர்கள். இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் காட்டியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவமனையை இன்றே அழைத்து நிலைமையைச் சொல்லி, இன்றே கொண்டுபோய்க் காட்டுங்கள். காய்ச்சல், மூச்சு வாங்குதல், ஒரு காலில் மட்டும் வீக்கம், நெஞ்சுவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று சேர்ந்திருந்தால், வண்டி பேசிக்கொண்டிராமல் 108ஐ அழையுங்கள். வீடு ரப்பர்த் தோட்டத்துக்குள் மேட்டில் இருந்தால், அழைக்கும்போதே வண்டி வந்து நிற்கக்கூடிய சாலையோர அடையாளத்தைச் சொல்லி, அங்கே ஓர் ஆளை நிறுத்தி வையுங்கள்.